சிக்கனச் செலவில் ஒலிபெருக்கி: டிரைவர் தேர்வு குறித்துச் சில குறிப்புகள்

வீட்டில் அமர்ந்து பாட்டுக் கேட்க ஒரு ஜோடி நல்ல ஒலிபெருக்கி வேண்டும் என்று விரும்பாத மாணவர் மிகக் குறைவு. ஆனால் பேரங்காடியில் விலையட்டையைப் பார்த்ததும் அந்த விருப்பம் தானாக அடங்கிவிடுகிறது. நமக்கு நாமே செய்துகொண்டால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கும். எனக்கும் அப்படித்தான் பிறந்தது. காஜாங்கில் குடியேறிய பிறகு இதுவரை ஏழு ஜோடிகள் செய்திருக்கிறேன். பாங்கியிலும் காஜாங்கிலும் படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் வீட்டுக்கு வந்து கேட்டதன் விளைவே இந்தக் கட்டுரை.

பெட்டி செய்வது பற்றி இங்கு நான் அதிகம் எழுதப்போவதில்லை. பலகை அறுப்பதும் பசை பூசுவதும் கைவேலை. இரண்டு முறை செய்தால் பழகிவிடும். பாலக்கோங், செமினி பக்கம் தளவாடப் பட்டறைகள் நிறைய உண்டு. அளவைக் கொடுத்தால் அவர்களே அறுத்துத் தருவார்கள். பணம் வீணாகும் இடம் பெட்டிக்குள் பொருத்தும் டிரைவர்தான்.

டிரைவர் என்றால் என் அம்மாவுக்கு இன்றும் லாரி ஓட்டுபவர்தான். நாம் பேசுவது ஒலியை எழுப்பும் அந்த வட்டமான உறுப்பை. கடைக்காரர்கள் 'யூனிட்' என்பார்கள். ஒரு காந்தம், அதன் இடுக்கில் ஆடும் கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய கூம்பு, கூம்பைச் சட்டத்தோடு பிணைக்கும் ரப்பர் விளிம்பு, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் வெளியிட்ட வடிவம் இது. இன்று 20 வெள்ளிக்கு விற்பதும் 2,000 வெள்ளிக்கு விற்பதும் அடிப்படையில் அதே பொருள்தான். கீழ்ச்சுருதி ஒலிகளைத் தருவது வூஃபர். மேல்ச்சுருதி ஒலிகளைத் தருவது டுவீட்டர். இரண்டையும் ஒன்றே ஓரளவு செய்தால் அது ஃபுல்ரேஞ்ச்.

ஜாதகம் இல்லாமல் பெண் பார்க்காதே

பார்வைக்குப் பெரிய காந்தம், பளபளக்கும் கூம்பு, தங்க நிறத் திருகுகள். இவற்றைக் கண்டு வாங்குவோர் பலர். இவை எதுவும் அந்த டிரைவர் எந்தப் பெட்டியில் எப்படிப் பாடும் என்று சொல்லாது. அதைச் சொல்வது அதன் தரவுத்தாள். நான் அதை ஜாதகம் என்றே அழைப்பேன். ஜாதகம் தர மறுக்கும் இடத்தில் சம்பந்தம் பேசுவதில்லை.

தரவுத்தாளில் இருபது எண்கள் இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை மூன்று. எஃப்எஸ் என்பது டிரைவர் பெட்டியில்லாமல் தனித்திருக்கும்போது இயல்பாக அதிரும் அதிர்வெண். க்யூடிஎஸ் என்பது அந்த அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதன் அளவு. எண் சிறிதானால் கட்டுப்பாடு அதிகம். விஏஎஸ் என்பது டிரைவரின் விளிம்பும் தாங்கியும் எவ்வளவு நெகிழ்வானவை என்பதை லிட்டரில் சொல்வது. அதாவது அத்தனை லிட்டர் காற்று தரும் நெகிழ்வுக்குச் சமமான நெகிழ்வு அந்த டிரைவருக்கு உண்டு என்று பொருள்.

இந்த எண்களை வைத்துப் பெட்டியை முன்கூட்டியே கணக்கிடும் வழியை 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் எழுதினார். சில ஆண்டுகள் அது அதிகம் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1970-களின் தொடக்கத்தில் சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். அதன் பிறகே உலகெங்கும் பரவியது. ஒரு மாணவரின் ஆய்வேடு ஒரு தொழிலையே மாற்றிய கதை இது. ஆய்வேடு எழுதிக்கொண்டு சலித்துப்போயிருப்பவர்கள் கவனிக்கவும்.

தொப்பியில் ஒட்டும் ரவை

எஃப்எஸ் என்பதைப் புரிந்துகொள்ள இயற்பியல் நூலைத் திறக்கத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் மிருதங்கக் கலைஞர் மேடையேறுமுன் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார். உடனே அந்தப் பக்கத்தின் ஒலி கீழே இறங்கிக் கனமாகிறது. தோலின் இறுக்கம் மாறவில்லை, பாரம்தான் கூடியது. பாரம் கூடினால் அதிர்வெண் குறையும். கூம்புக்கும் இதே விதிதான்.

வலந்தலையில் நிரந்தரமாக இருக்கும் கரிய கரணையின் வேலை இன்னும் நுட்பமானது. சாதாரணத் தோலில் எழும் மேலொலிகள் ஒன்றோடொன்று இசையாதவை. நடுவில் பாரத்தை அளவாக ஏற்றியதால் மிருதங்கத்தில் அவை இசைவான வரிசைக்கு வருகின்றன. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் இதைக் குறித்து 1920-இல் 'நேச்சர்' இதழில் தம் உடன் ஆய்வாளரோடு எழுதினார். நம் ஆசாரிகள் கையால் கண்டதை அவர் கணக்கால் காட்டினார் எனலாம்.

இதில் நமக்கு நேரடிப் பயன் ஒன்று உண்டு. ஜாதகம் தொலைந்துபோன டிரைவருக்கும் இந்த ரவை வித்தையால் ஜாதகம் எழுதலாம். டிரைவரின் இயல்பு அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கூம்பின் நடுவில் 10 கிராம் களிமண்ணை ஒட்டி மறுபடி அளந்தால் 40 ஹெர்ட்ஸ் என்று வருகிறது. 50-ஐ 40-ஆல் வகுத்தால் 1.25, அதன் இருமடி 1.5625, ஒன்றைக் கழித்தால் 0.5625. 10 கிராமை இதனால் வகுத்தால் 17.8 கிராம். அதுவே ஆடும் பகுதியின் எடை. எடையும் அதிர்வெண்ணும் தெரிந்தால் நெகிழ்வு தெரியும். நெகிழ்வும் கூம்பின் பரப்பும் தெரிந்தால் விஏஎஸ் வந்துவிடும். ஒரு மின்தடை, கணினியின் ஒலி அட்டை, ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள் ஆகிய மூன்றும் இருந்தால் மாணவர் விடுதி அறையிலேயே செய்யலாம். ரவையை மட்டும் பயன்படுத்தாதீர்கள், எறும்பு வரும்.

பெட்டிக் கணக்கு

மூடிய பெட்டிக்கான கணக்கு மிக எளியது. விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் காணுங்கள். கிடைக்கும் எண்ணால் க்யூடிஎஸ்ஸையும் எஃப்எஸ்ஸையும் பெருக்கினால் பெட்டிக்குள் டிரைவர் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரியும். பெருக்கிய க்யூ 0.7 அருகில் வந்தால் ஒலி சமனாக இறங்கும். 1-ஐத் தாண்டினால் கீழ்ச்சுருதியில் ஒரு மேடு எழும்.

எடுத்துக்காட்டாக இரண்டு ஐந்தங்குல வூஃபர்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதற்கு எஃப்எஸ் 45, க்யூடிஎஸ் 0.38, விஏஎஸ் 12 லிட்டர். ஏறக்குறைய 4.9 லிட்டர் பெட்டியில் இதன் க்யூ 0.71, அதிர்வெண் 84 ஹெர்ட்ஸ். அடக்கமான, தெளிவான ஒலி. இரண்டாவது மலிவானது: எஃப்எஸ் 75, க்யூடிஎஸ் 0.85, விஏஎஸ் 8 லிட்டர். அதே 5 லிட்டர் பெட்டியில் க்யூ 1.37-ஆக உயர்கிறது. 140 ஹெர்ட்ஸ் அருகே 3 டெசிபலுக்கும் மேலான மேடு எழுகிறது. கடையில் அரை நிமிடம் கேட்டால் 'அடடா, என்ன பாஸ்!' என்று தோன்றும். வீட்டில் அரை மணி நேரம் கேட்டால் ஆண்குரல் எல்லாம் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பெட்டியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த டிரைவரின் க்யூ 0.85-க்குக் கீழே இறங்காது, சூத்திரமே அப்படி. கார் கதவில் பொருத்துவதற்கென்று செய்யப்படும் ஸ்பீக்கர்கள் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை. காரில் அவை நன்றாகவே இருக்கலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று புத்தக அலமாரிப் பெட்டிக்குள் அடைப்பதில்தான் சிக்கல்.

துளை வைத்த பெட்டியா, மூடிய பெட்டியா என்ற கேள்வி எப்போதும் வரும். எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ் என்ற எண்ணால் வகுத்து 50 அல்லது அதற்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100 அருகே வந்தால் துளைப் பெட்டி என்பது பழைய கைக்கணக்கு. துளைப் பெட்டியில் இன்னும் ஆழமான பாஸ் கிடைக்கும். ஆனால் துளை இசைவிக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்துவைக்கக் காற்று இருக்காது. அது தாறுமாறாக ஆடும். முதன்முதலில் செய்பவர்களுக்கு நான் மூடிய பெட்டியையே சொல்வேன். கணக்கில் சிறிது பிசகினாலும் அது மன்னித்துவிடும். மேலும் நம் ஊரில் துளை வைத்தால் மூன்றே மாதத்தில் பல்லி குடியேறிவிடும்.

ஐந்து லிட்டர் மிகச் சிறிது என்று நினைக்க வேண்டாம். பிபிசி வானொலி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற ஒலிபெருக்கி ஏறக்குறைய அந்த அளவுதான். மூடிய பெட்டி, ஓர் ஐந்தங்குல வூஃபர், ஒரு டுவீட்டர், இரண்டும் கெஃப் நிறுவனத்தின் டிரைவர்கள். அறிவிப்பாளரின் குரல் இயல்பாகக் கேட்கிறதா என்பதே அந்தப் பொறியாளர்களின் முதல் சோதனை. ஆழமான பாஸ் அதில் இல்லை. குரலுக்காக இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

சொல் கேட்க வேண்டும்

கடந்த ஆண்டு செய்த ஜோடி என் தந்தைக்கானது. அவருக்கு வயது 76. செமினி பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது காஜாங்கில் எங்களோடு இருக்கிறார். காலையில் மின்னல் எஃப்எம், மாலையில் பழைய பாடல்கள், வெள்ளிக்கிழமை நாதசுவரம். இவை இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. வீட்டிலிருந்த பழைய மினி காம்போவைப் பற்றி அவர் சொன்ன குறை ஒன்றே: "பாட்டு கேக்குதுப்பா, சொல்லு கேக்கல." சத்தத்தைக் கூட்டினால் பாஸ்தான் கூடியது, சொல் தெளியவில்லை. செவிச் சோதனையில் மேல் அதிர்வெண்கள் குறைந்திருப்பது தெரிந்தது. செவிக்கருவியை வெளியே போகும்போது மாட்டுவார். வீட்டில் கழற்றி வைத்துவிடுவார். கையில் ஒதுக்கியிருந்தது 500 வெள்ளி. இந்த நிலையில் எந்த டிரைவரை வாங்குவது?

தமிழ்ச் சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆண்குரலின் அடிச்சுருதி 100 முதல் 200 ஹெர்ட்ஸ் அளவில் இருந்தாலும், ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் மேலேதான் இருக்கின்றன. லகர, ளகர, ழகர வேறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாவின் வளைவு மாறும்போது வாயறையின் ஒத்ததிர்வுகள் இடம் மாறுகின்றன. இந்த மாற்றம் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் நிகழ்கிறது. 'வலி', 'வளி', 'வழி' மூன்றையும் செவி பிரிப்பது இங்கேதான். சகர உரசல் இன்னும் மேலே, 4,000-க்கு அப்பால் போகும்.

இன்னொன்றும் உண்டு. கீழ்ச்சுருதி ஒலி பலமாக இருந்தால் அது மேலே உள்ள மெல்லிய ஒலிகளைச் செவிக்குள் மறைத்துவிடும். மேலிருந்து கீழே இந்த மறைப்பு இவ்வளவு நடக்காது. ஆகவே 140 ஹெர்ட்ஸில் மேடு எழுப்பும் மலிவு வூஃபர், காது மங்கிய முதியவரிடமிருந்து சொல்லையே திருடுகிறது. பாஸ் கூடினால் சொல் குறைகிறது என்ற என் தந்தையின் குறை நூற்றுக்கு நூறு சரி. ட்ரெபிளை ஏற்றிக் கொடுத்தால் தீராது. முதலில் மேட்டை அகற்ற வேண்டும். நான் க்யூடிஎஸ்ஸை இவ்வளவு வலியுறுத்துவதன் காரணம் இதுதான்.

அடுத்து, வூஃபரும் டுவீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் இடம். ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்துக்கு ஏறக்குறையச் சமமாகும்போது ஒலி பக்கவாட்டில் பரவாமல் டார்ச் விளக்குப் போல் நேராகப் பாயத் தொடங்கும். ஐந்தங்குல வூஃபரின் பயன்படும் விட்டம் சுமார் 10.5 செண்டிமீட்டர், அது 3,200 ஹெர்ட்ஸ் வாக்கில் குவியும். ஆறரை அங்குலம் 2,600-லும், எட்டங்குலம் 2,000-லும் குவியும். மறுபுறம், டுவீட்டரை அதன் எஃப்எஸ்ஸைப்போல் இருமடங்குக்குக் கீழே இறக்கக்கூடாது என்பது பொதுவான காப்பு. எஃப்எஸ் 1,000 உள்ள டுவீட்டர் 2,000 வரை வரும். எஃப்எஸ் 1,800 உள்ள மலிவு டுவீட்டரை 3,600-க்குக் கீழே கொண்டுவந்தால் அது கதறும்.

இப்போது பொருத்தம் பாருங்கள். எட்டங்குல வூஃபரையும் 20 வெள்ளி டுவீட்டரையும் சேர்த்தால் ஒருவர் 2,000-இல் கையை விடுகிறார், மற்றவர் 3,600-இல்தான் பிடிக்கிறார். நடுவில் விழுவது நம் ழகரம். பசார் மாலாமில் பெரிய வூஃபரும் சிறு டுவீட்டருமாக விற்ற பெட்டிகளில் பாட்டு வரும், சொல் வராது என்பதற்கு இதுவே முக்கியக் காரணம். பெரிய வூஃபர் என்றால் உயர்ந்தது என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

நான் தேர்ந்தெடுத்தது ஐந்தங்குல வூஃபரும் எஃப்எஸ் 1,000-ஐ ஒட்டிய துணி டோம் டுவீட்டரும். பிரிப்பு 2,500 ஹெர்ட்ஸ். சொல் வாழும் பகுதியின் நடுவிலேயே பிரிப்பு வருகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் இருவருமே அகலமாகப் பரப்புகிறார்கள், இருவருக்குமே அது சிரமமான எல்லை அன்று. எனவே தையல் தெரியாமல் போட முடியும். தையலே வேண்டாம் என்பவருக்கு மூன்று அல்லது நான்கங்குல ஃபுல்ரேஞ்ச் இருக்கிறது. மார்க் ஆடியோ, ஃபாஸ்டெக்ஸ், டாங் பேண்ட் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. பிரிப்புச் சுற்று வாங்கும் செலவு இல்லை, குரல் அருமை. தவில் வந்தால் மட்டும் மூச்சுத் திணறும். ஒரே ஒலியளவில் ஓர் எண்சுருதி கீழே இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். சிறு கூம்பால் அது ஆகாது. விடுதி அறையில் மேசை மேல் வைத்துக் கேட்கும் மாணவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். என் தந்தைக்கு வெள்ளிக்கிழமை தவில் வேண்டும், ஆகவே இரண்டு டிரைவர்.

செலவு இப்படிப் போயிற்று. வூஃபர் ஒன்று 80 வெள்ளி, டுவீட்டர் ஒன்று 55 வெள்ளி, ஜோடிக்கு 270. பிரிப்புச் சுற்றின் சுருள்களும் மின்தேக்கிகளும் மின்தடைகளும் 90. பலகையும் அறுப்புக் கூலியும் 70. உள்ளே திணிக்கும் பஞ்சும் பின்புற இணைப்பு முனைகளும் 40. பசை, சாயம், திருகு 30. பிரிப்புச் சுற்றுக்கு ஒதுக்காமல் முழுப் பணத்தையும் டிரைவரில் போடுவோர் உண்டு. பிறகு டுவீட்டர் முன் ஒற்றை மின்தேக்கியை மட்டும் போட்டு முடித்துவிடுவார்கள். 80 வெள்ளி டிரைவரை 20 வெள்ளி டிரைவராக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை.

பாடநூல் சூத்திரப்படி 8 ஓமுக்கு 2,500 ஹெர்ட்ஸில் இரண்டாம் படிப் பிரிப்பு என்றால் 5.6 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 0.72 மில்லிஹென்றி சுருளும் வரும். இது தொடக்கப் புள்ளிதான். உண்மை டிரைவர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. அளந்து திருத்த வேண்டும். என் பெட்டியில் முடிவாக நின்ற மதிப்புகள் இரண்டுமே வேறு.

வாட் என்னும் மாயை

1990-களிலும் 2000-களிலும் வளர்ந்தவர்களுக்கு '5,000 வாட் பிஎம்பிஓ' என்று ஒட்டிய பெட்டிகள் நினைவிருக்கும். பிஎம்பிஓ என்பதற்கு ஒழுங்கான அளவுமுறை எதுவும் கிடையாது. அதே பெட்டியின் பின்புறத் தகட்டில் மின் உட்கொள்ளல் 40 வாட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். 40 வாட் உண்டு 5,000 வாட் உமிழும் கருவி எது?

டிரைவரில் நாம் பார்க்க வேண்டியது வாட்டை அன்று, உணர்திறனை. 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். இங்கே ஒரு சூழ்ச்சி உண்டு. 8 ஓம் டிரைவருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் டிரைவருக்கு 2 வாட். ஆகவே 4 ஓம் டிரைவரின் 90 டெசிபலும் 8 ஓம் டிரைவரின் 87 டெசிபலும் ஒரு வாட்டுக்கு ஒன்றே. பழைய மலிவு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் 8 ஓமையே நாடுவது நல்லது.

வூஃபரைவிட டுவீட்டரின் உணர்திறன் கூடுதலாக இருக்க வேண்டும். கூடுதலை மின்தடையால் குறைக்கலாம், குறைவைக் கூட்ட வழியில்லை. மேலும் குறுகிய பெட்டியில் கீழ்ச்சுருதி பின்பக்கமாகவும் பரவிக் கரைந்துபோகும். 115-ஐப் பெட்டியின் மீட்டர் அகலத்தால் வகுத்தால் இந்த இழப்பு எங்கே நிகழும் என்று தெரியும், 17.6 செண்டிமீட்டர் அகலத்துக்கு அது 650 ஹெர்ட்ஸ். நம் தாமான் வீடுகளில் சுவருக்குப் பக்கத்திலேயே வைப்பதால் சுவர் ஓரளவு மீட்டுத் தரும். 3 அல்லது 4 டெசிபல் ஈடுகட்டினால் போதுமானது. அந்த ஈடும் வூஃபரின் கணக்கிலிருந்தே போகும். 86 டெசிபல் வூஃபர் நடைமுறையில் 83 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஈரம்

ஐரோப்பிய, அமெரிக்க நூல்கள் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று நமக்கு முக்கியம். கூம்பின் விளிம்பு சில டிரைவர்களில் ரப்பர், சிலவற்றில் ஃபோம். பாலியூரித்தேன் ஃபோம் காற்றின் ஈரத்தாலேயே வேதிமாற்றம் அடைந்து பொடிந்துபோகும். குளிர்நாட்டிலேயே அதன் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்பத்திலும் ஈரத்திலும் அதைவிட முந்திக்கொள்ளும். பழைய பொருள் சந்தைகளில் 1980-களின் நல்ல பெயர் பெற்ற ஒலிபெருக்கிகள் மலிவாகக் கிடைக்கும். துணி மறைப்பைக் கழற்றி விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். கருப்புப் பொடியாக விரலில் ஒட்டினால் புது விளிம்பு ஒட்டும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். ரப்பர் விளிம்பானால் நாற்பது ஆண்டு கழிந்தும் பாடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். காகிதக் கூம்பு என்றால் பூச்சு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பூச்சில்லாததில் பூஞ்சை பிடிக்கும்.

பெட்டிக்கு எம்டிஎஃப் பலகைதான் எல்லோரும் பயன்படுத்துவது. மலேசியாவில் தயாராகும் எம்டிஎஃப்பில் பெரும்பங்கு பால் வற்றிய பிறகு வெட்டப்படும் ரப்பர் மரத்தின் நார். பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று இதைச் சொன்னதும் என் தந்தை அதைத் தட்டிப் பார்த்து, "நம்ம மரமா இது?" என்றார். வெட்டிய முனைகளுக்குப் பசை கலந்த நீரைப் பூசி அடைத்துவிடுங்கள். இல்லையேல் ஈரத்தில் ஊதிவிடும்.

கடையில்

இணையத்தில் வாங்குவது இன்று எளிது. ஆனாலும் ஜாலான் பசாருக்கு ஒருமுறையேனும் போக வேண்டும். புடுவில் மின்னணு உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக உள்ள தெரு அது. காஜாங்கிலிருந்து எம்ஆர்டி ஏறி மெர்டேக்காவில் இறங்கி, பிளாசா ரக்யாட்டில் எல்ஆர்டி மாறினால் இரண்டாவது நிலையம் புடு. சுருள், மின்தேக்கி, முனைகள், கம்பி எல்லாம் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். சில்லறையாக நான்கு மின்தேக்கி கேட்டாலும் முகம் சுளிக்காத அங்கிள்கள் அங்கே உண்டு.

டிரைவர்களைப் பொறுத்தவரை அண்டை நாட்டையும் பாருங்கள். எஸ்பி அகூஸ்டிக்ஸ் டிரைவர்கள் இந்தோனேசியாவின் சுராபாயாவில் சினார் பாஜா நிறுவனத்தில் செய்யப்படுகின்றன. வடிவமைப்பில் டென்மார்க் பொறியாளர்களின் பங்கு உண்டு. தரவுத்தாளும் அளவும் ஒத்துப்போகும் இனம் என்பது என் அனுபவம். டேட்டன் ஆடியோவும் பியர்லெஸ்ஸும் அதே போல் முழு ஜாதகத்தோடு வருபவை. பெயரில்லாத டிரைவரே வாங்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அளக்கத் தெரிந்தவருக்கு அதில் சில முத்துகள் கிடைக்கும். ஆனால் அளக்காமல் அறுத்த பலகை விறகு.

எதை வாங்கினாலும் கடையிலேயே நான்கு சோதனை செய்யுங்கள். மல்டிமீட்டரால் முனைகளை அளந்தால் 8 ஓம் டிரைவர் 6 அருகிலும் 4 ஓம் டிரைவர் 3 அருகிலும் காட்ட வேண்டும். ஜோடியில் இரண்டும் ஒத்திருக்க வேண்டும். கூம்பின் இருபுறமும் விரல் வைத்து நேராக மெல்ல அமுக்கி, உரசும் ஒலி வருகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். உரசினால் சுருள் கோணியிருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டால், நேர்முனை சரியாக இருக்கும்போது கூம்பு வெளியே வர வேண்டும். டுவீட்டரில் இந்த அமுக்கலும் பேட்டரியும் வேண்டாம். நான்காவது, இரண்டு டிரைவர்களின் பின்புறத் தொகுப்பு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஒருமுறை ஒரு கடையில் ஒரே பெட்டிக்குள் வெவ்வேறு காந்த அளவுள்ள இரண்டை ஜோடி என்று கொடுத்தார்கள். பலகை மேல் வைத்து ஒப்பிட்டதால் அங்கேயே மாற்ற முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை அறுக்குமுன் டிரைவரை அளந்துவிடுங்கள். எஃப்எஸ் தரவுத்தாளைவிடப் பத்து விழுக்காடு கூடக் குறைய இருப்பது சாதாரணம். சில மணி நேரம் ஒலிக்கவிட்டால் விளிம்பு இளகிச் சற்று இறங்கும். அளந்த எண்களைக் கொண்டு வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் பெட்டியை மறுபடி கணக்கிட்டு, பிறகு பட்டறைக்கு அளவு கொடுங்கள். டிரைவரும் பிரிப்புச் சுற்றும் அடைத்துக்கொள்ளும் அரை லிட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் உள்ளளவு 14, 22, 17.5 செண்டிமீட்டர் என்று கொடுத்தேன், அது 5.4 லிட்டர்.

முடித்த பின் இசையோடு பேச்சையும் போட்டுக் கேளுங்கள். நான் வானொலிச் செய்தியறிக்கையை வைத்துத்தான் பிரிப்புச் சுற்றின் மின்தடையைச் சரிசெய்தேன். இசைக்கு இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பான 'ஹவ் டு நேம் இட்' மிகவும் உதவும். வயலின்களும் பாஸ் கிட்டாரும் ஒன்றன்மேல் ஒன்று போகும் இடங்களில் பாஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே 'தும்' என்று வந்தால் க்யூ அதிகம். பெட்டிக்குள் இன்னும் பஞ்சு திணித்துப் பாருங்கள். தந்தை இப்போது முன்பு வைத்ததைவிடக் குறைந்த ஒலியில்தான் கேட்கிறார். நான் காதால் கேட்டு உறுதி செய்துகொள்ளாமல் மைக்கால் அளந்து பார்த்தேன். 140 ஹெர்ட்ஸ் வாக்கில் பழைய மினி காம்போவுக்கும் இதற்கும் 7 டெசிபல் வித்தியாசம் இருந்தது.

அளவு மைக்கும் மின்தடைச் சட்டமும் இப்போது கழக அறையில், நூலலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன. வேண்டுபவர்கள் ஏட்டில் பெயர் எழுதி ஒரு வாரத்துக்கு எடுத்துச் செல்லலாம். களிமண்ணைச் சுரண்டிவிட்டுத் திருப்பித் தரவும்.